நாலாவது கம்பி

தேவாலா
9.7.1985

புஷ்பா,

கொழுந்து வாட்டும் மாடியில் ஓடிக்கொண்டிருந்த விசிறி மோட்டார் நேற்று மதியம் புகைவிட்டு நின்றுபோயிற்று. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை ஒச்சப்பன் அண்ணன் லாரி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குன்னூர் ஏலக் கிடங்குக்கு வருகிறது. மோட்டாரும் அதில் வரும், ரிப்பேருக்கு உங்கள் பட்டறையில் இறங்கும். அதன் முதுகில் இருக்கும் கனெக்‌ஷன் பெட்டியின் நாலு திருகையும் கழற்றுவது எப்போதும் நீதான். அதனால் இந்தக் கடிதம் அதற்குள் இருக்கிறது.

தபாலில் எழுதலாம் என்றால் உனக்கு வரும் தபாலை உன் அப்பா வாங்குகிறார். எனக்கு வரும் தபாலை எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். மோட்டார் எரிந்தால்தான் நமக்குப் பேச்சு. குன்னூர் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த இரண்டு வருஷமும் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு நானே உங்கள் பட்டறைக்கு வருவேன். நீ செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்பாய். அந்த நாளைக்காக நான் ஓடி ஓடி வந்ததெல்லாம் கம்பெனிக்கு எப்படித் தெரிந்ததோ, இந்த மழைக்காட்டுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குன்னூர் மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த சில்வஸ்டர் பெங்களூருக்கே போய்விட்டானாம். பொங்கல் கச்சேரிக்குப் பாஸ் வாசிக்க ஆள் இல்லை. நான் வரட்டுமா என்று சொல்லி அனுப்பினேன். "சாதாக் கிட்டாருக்கு இங்கியே ரெண்டு பேர் இருக்காங்க. பாஸ் கொண்டாந்தா கார்த்திகையிலிருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்று பதில் வந்திருக்கிறது. ஒத்திகை நடக்கும் மாடி உங்கள் பட்டறைக்கு நேர் எதிரில். பொங்கல் வரை வாராவாரம் உன்னைப் பார்க்கலாம் புஷ்பா.

பாஸ் கிட்டாருக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது கோயமுத்தூரில் வாங்கிய அந்தக் கல்கத்தா கிட்டார்தான், தட்டினால் அட்டைப் பெட்டி மாதிரி கேட்குமே, அதே. அதன் ஆறு கம்பிகளையும் கழற்றிவிட்டு, தடித்ததாக நாலு கம்பி போட்டுக் கீழே இறக்கிச் சுதி வைத்தால் அதுவே பாஸ் ஆகிவிடும் என்று சில்வஸ்டர் ஒருதடவை சொன்னான். தடித்த கம்பி ஊட்டியிலும் கிடைக்காது. ஆனால் அது என்ன பெரிய கம்பி? நடுவில் எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கிச் சுற்றிய செம்புக் கம்பி. செம்பு சுற்றுவதில் இந்த மலையில் உனக்கு மேல் ஆள் உண்டா? எஃகுக் கம்பிகளைச் சுருட்டி இதோடு வைத்திருக்கிறேன். மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

லிங்கசாமி


குன்னூர்
17.7.1985

ஏனுங்க,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. பெண் கேட்டு வாசல்படி ஏறத் தைரியம் இல்லாதவர், எதிர்மாடிக்கு வந்து கிட்டார் வாசிக்கிறேன் என்கிறீர்கள். எதிர்மாடியிலிருந்து எங்கள் பட்டறைக்கு எத்தனை தூரம்? ரோட்டைத் தாண்டினால் ஆயிற்று. அந்த ரோட்டை இரண்டு வருஷமாக நீங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மட்டும்தான் தாண்டியிருக்கிறீர்கள்.

இங்கே பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. தென்னந்தோப்பு, சொந்த ஊடு, ஒரே பையன். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. தீபாவளிக்குள் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறார். எனக்கு அம்மா இல்லை, நான் போய்ச் சொல்ல வேறு ஆளும் இல்லை. நானாகப் போய் அப்பாவிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் வந்து கேட்க வேண்டும். அதுதான் மரியாதை.

திட்டிவிட்டேன். இனிக் கம்பி. அப்பா நேற்றுப் பக்கத்து வெலிங்டனுக்கு ஒரு பம்பு மாட்டப் போயிருந்தார், அந்த நேரத்தில் சுற்றினேன். எங்கள் பட்டறையில் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியுமே. ஒருவர் சுற்றினால் இன்னொருவர் எண்ண வேண்டும். சுற்றுகிறவர் வாய் திறக்கக் கூடாது. எண்ணிக்கை தவறினால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்பா சுற்றும்போது நான் எண்ணி இதுவரை ஒருதடவைகூடத் தவறியதில்லை. உங்கள் கம்பிக்கு எண்ண யாரும் இல்லை. நானே சுற்றி, நானே மனசுக்குள் எண்ணினேன். எண்ணிக்கைக்கு நடுவில் உங்கள் முகம் வந்து வந்து போயிற்று. அதனால் அங்கங்கே முன்னேபின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். முறுக்காணியில் சுற்றிக்கொள்ளும் நுனியில் செம்பு போடவில்லை, வெறும் எஃகு மட்டும் விட்டிருக்கிறேன். செம்போடு சேர்த்தால் அந்தச் சின்ன ஓட்டையில் நுழையாது, நீங்கள் ஓட்டையைப் பெரிதாக்குகிறேன் என்று கிட்டாரின் தலையையே உடைத்துவிடுவீர்கள். கழுத்துக்கு மேலே கம்பிகள் உட்காருமே, அந்தப் பள்ளப் பட்டையைப் புதிதாக அராவிக்கொள்ள ஒரு துண்டு ஹைலம் பலகை வைத்திருக்கிறேன். மோட்டார்க் கனெக்‌ஷனுக்கு அடியில் போடுகிற கெட்டிப் பலகைதான். எலும்பைவிட நன்றாக உழைக்கும்.

அங்கே மழை எப்படி? தலையைத் துவட்டாமல் படுக்காதீர்கள்.

புஷ்பவல்லி


தேவாலா
20.8.1985

புஷ்பா,

உன் கம்பி வந்த நாளிலிருந்து மழை நிற்கவே இல்லை. தகரக் கூரைக்கு அடியில் பேசுவது எனக்கே கேட்பதில்லை. கூடலூர் பஸ் இரண்டு நாள் வரவில்லை. இந்த ஊரில் துணி காயாது, விறகு பிடிக்காது, கோந்து இறுகாது.

கோந்து என்றேனே, அந்தக் கதையைக் கேள். ஹைலத்தை அராவி நாலு பள்ளம் போட்டேன், அது அழகாக உட்கார்ந்துகொண்டது. உன் கம்பியை மாட்டி முறுக்க ஆரம்பித்தேன். பாதி முறுக்குக்குள் கிட்டார் வயிற்றில் ஒட்டியிருந்த மரக்கட்டை, கம்பியின் அடிநுனியைப் பிடித்துக்கொண்டிருக்குமே, அது டப்பென்று பிய்ந்து என் தாடையில் அடித்தது. மலிவுச் சரக்கு. சாதாக் கம்பிக்கே முனகிக்கொண்டிருந்தது, இது எப்படித் தாங்கும்? மறுபடி கோந்து போட்டு ஒட்டி, மேலே அம்மிக்குழவியை வைத்துக் கட்டிவைத்தேன். நாலு நாள் கழித்துத் தொட்டால் கோந்து கூழாகவே இருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்று வந்துகொண்டே இருக்கிறதே, அங்கே வைத்தால் என்ன? பச்சைக் கொழுந்துக்கு நடுவில் கிட்டாரைப் படுக்கவைத்தேன். கோந்து இறுகியது. ஆனால் எடுக்க மறந்து ஒரு ஷிஃப்ட் கூடுதலாகப் போய்விட்டது. கொழுந்து வாடிய மாதிரி கிட்டாரும் வாடி, வயிற்றில் தலைமயிர் கனத்துக்கு ஒரு விரிசல். மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஏனப்பா, இத அரைச்சுப் பொட்டியில போட்டு ஏலத்துக்கு அனுப்பிரலாமா" என்றார். ஃபாக்டரியே சிரித்தது. இப்போது அதைக் கையில் எடுத்தாலே தேயிலை மணக்கிறது.

விரிசலுக்கு உள்பக்கம் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிட்டேன். கட்டையை நம்புவதில்லை என்று முடிவு செய்து, உடைந்த பெட்டியின் தகர விளிம்பை மடித்து ஒரு வால்பட்டை செய்தேன். அது கிட்டாரின் அடிப்பக்கத்தில் திருகாணியில் நிற்கிறது, கம்பிகள் அதில் மாட்டிக்கொள்ளும். இழுப்பெல்லாம் அதற்குப் போய்விடுவதால் கட்டை இனிப் பிய்யாது.

இவ்வளவும் செய்து உன் கம்பியை முறுக்கித் தட்டினேன். "சொத்" என்றது. நனைந்த துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். உன்மேல் குறை இல்லை, எங்கே தவறு என்று எனக்குத்தான் தெரியவில்லை. ஆனாலும் அதைத் தட்டிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் கை சுற்றிய கம்பி என் கையில் இருக்கிறது, அது போதும் என்று இருந்தது. போதவில்லை புஷ்பா. உன்னைப் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி விஷயத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தோப்பு இல்லை. உன் அப்பா என்னை இதுவரை ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை, மோட்டாரைத்தான் பார்ப்பார். வருகிறேன். எப்படியும் வருகிறேன். கொஞ்சம் மழை குறையட்டும்.

கொழுந்து உருட்டும் மிஷின் மோட்டாரில் பேரிங் போய் காயிலும் உரசிவிட்டது. அதில்தான் இந்தக் கடிதம். சொத்தைக் கம்பியையும் திருப்பி அனுப்புகிறேன்.

லிங்கசாமி


குன்னூர்
28.8.1985

ஏனுங்க,

மழை குறையட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தேவாலாவில் மழை எப்போது குறையும் என்று நான் ஒச்சப்பன் அண்ணனிடம் கேட்டேன். அவர், "அங்க மழை குறைஞ்சா பேப்பர்ல போடுவாங்க அம்மணி" என்றார்.

கம்பியைப் பிரித்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். உருண்டையான எஃகின்மேல் செம்பு வழுக்குகிறது. முறுக்க முறுக்க எஃகு நீள்கிறது, செம்பு தளர்ந்து அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அப்படி இருந்தால் எப்படிப் பேசும்? இந்தத் தடவை எஃகின் இரண்டு முனைகளையும் பட்டடையில் வைத்துச் சுத்தியால் தட்டையாக்கிவிட்டு, இழுத்துப் பிடித்துச் சுற்றினேன். தட்டையான விளிம்பு செம்பைக் கடித்துக்கொள்கிறது. சுற்றி முடித்து மேஜைக் காலில் கட்டித் தட்டிப் பார்த்தேன். ஊங் என்றது. அப்பா உள்ளேயிருந்து, "எந்த மோட்டாரும்மா ஓடுது" என்று கேட்டார். ஃபேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்று கம்பிகள் வைத்திருக்கிறேன். நாலாவது, எல்லாவற்றிலும் தடித்தது, அதைச் சுற்றி முடித்து என் துணிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதை மோட்டாரில் அனுப்ப மாட்டேன். பட்டறை வாசல் வழியாக வந்து, அப்பாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, வாங்கிக்கொண்டு போங்கள். தோப்பு இல்லை என்று எழுதாதீர்கள். நான் தோப்பைக் கேட்டேனா?

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். காபி கொடுத்தேன். அந்த அம்மா என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏஞ் சாமி இத்தனை வெட்டு" என்றார். செம்புக் கம்பி வெட்டியது என்றேன். "இனி அந்த வேலையெல்லாம் வேண்டாங் கண்ணு" என்று பாசமாகத்தான் சொன்னார். அவர்கள் போனபிறகு அழுதேன். அந்த வேலை இல்லாமல் நான் யார்?

புஷ்பவல்லி


தேவாலா
8.10.1985

புஷ்பா,

ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஃபாக்டரியில் ஒரு மோட்டாரும் எரியவில்லை. எப்படி எரியும்? காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றுக்கும் நானே எண்ணெய் விட்டு, தொட்டுப் பார்த்து, காதை வைத்துக் கேட்கிறேன். "லிங்கசாமி புண்ணியத்துல ஒரு மாசமா ரிப்பேரே இல்ல" என்று மேனேஜர் பெருமையாகச் சொல்கிறார். லாரி வியாழக்கிழமை தோறும் மோட்டார் இல்லாமல் குன்னூருக்குப் போகிறது. நான் கேட் பக்கம் நின்று பார்க்கிறேன். நீயும் அங்கே லாரிச் சத்தம் கேட்டு வெளியே வருவாய் என்று எனக்குத் தெரியும்.

உன் மூன்று கம்பிகளும் பேசுகின்றன. முதல் தடவை தட்டியபோது பயந்தே போனேன். அந்த அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல். காதில் கேட்பதைவிடக் கிட்டாரை அணைத்துப் பிடித்திருக்கும் நெஞ்சில்தான் அதிகம் தெரிகிறது. பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் மரியஅந்தோணி வந்து கதவருகே நின்று, எங்கேயோ லாரி ஏறுகிறதோ என்று நினைத்தேன் என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். நாலாவது கம்பிக்கான பள்ளம் காலியாக இருக்கிறது. வாசிக்கும்போது கட்டைவிரல் தானாக அங்கே போய்விட்டுத் திரும்புகிறது.

வாட்டும் மாடி விசிறி மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. நேற்றுக் காலையில். ஏன் எரிந்தது என்று கேட்காதே. எரிந்தது, அவ்வளவுதான். நான் என்ன செய்ய, எனக்கு எழுத வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிறேன். இந்தத் தடவை வாசலில் வருகிறேன். உன் அப்பா என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை யாருக்கும் பதில் சொல்ல விடாதே.

லிங்கசாமி


குன்னூர்
23.10.1985

லிங்கசாமி அவர்களுக்கு,

மோட்டாரைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று லைனில் ஒன்று இல்லாமல் ஓடிய மோட்டாரில் இரண்டு பங்கு காயில் கரியாகியிருக்கும், ஒரு பங்கு நேற்றுச் சுற்றின மாதிரி பளபளவென்று இருக்கும். இதில் அப்படித்தான் இருந்தது. ஜூலையில் நான் சுற்றி, அப்பா எண்ணி, வார்னிஷ் போட்டுக் காயவைத்த அதே காயில். நீங்கள் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்ச் போட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு கடிதம் எழுதுவதற்காக.

அதைப் படித்தபோது, இத்தனை ஆசையா என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம்தான்.

அப்பாவும் அந்தக் காயிலைப் பார்த்தார். அவர் உங்களைச் சந்தேகப்படவில்லை. மழைக்கு லைன் போயிருக்கும், ஃபியூஸைப் பாருங்கள், வைண்டிங்கில் குற்றம் இல்லை என்று உங்கள் மேனேஜருக்கு மரியாதையாக எழுதி அனுப்பினார். அதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? எங்கள் ஃபிட்டர் சோதித்துப் பார்த்துவிட்டார், மூன்று ஃபியூஸும் சரியாக இருக்கின்றன, லைனிலும் குற்றம் இல்லை, மூன்று மாசம்கூடத் தாங்காத வேலையைச் செய்துவிட்டு எங்கள்மேல் பழி போட வேண்டாம், இனி மோட்டார்கள் கோயமுத்தூருக்குப் போகும், இந்த மோட்டாரை அப்படியே திருப்பி அனுப்பவும்.

எங்கள் ஃபிட்டர் என்று எழுதியிருந்ததை அப்பா இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு கோபமே படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, தான் கட்டிவைத்திருக்கும் மற்ற மோட்டார்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். "ஏனம்மணி, எனக்குக் கண்ணு மங்கிருச்சா" என்று கேட்கிறார். இல்லைங்கப்பா என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஃபியூஸ் போனதைக் கவனிக்கவில்லை என்று உங்கள்மேல் வந்துவிடும் என்று பயந்து அப்படிச் சொல்லியிருப்பீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வேலைக்காக எங்கள் அப்பாவைப் பொய்யனாக்கிவிட்டீர்கள். தீபாவளிக்கு எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பீர்கள்? நிற்க வேண்டாம். பொள்ளாச்சிக்குப் பதில் சொல்லட்டுமா என்று அப்பா நேற்றுக் கேட்டார். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கமிருந்து உங்களிடம் வரும் கடைசி மோட்டார் இது. பெட்டியின் திருகுகளை நன்றாக முறுக்கியிருக்கிறேன்.

புஷ்பவல்லி


தேவாலா
30.10.1985

புஷ்பா,

இந்தக் கடிதம் மோட்டார்ப் பெட்டிக்குள் இல்லை, கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கிறது. கையை விட்டுத்தான் எடுத்திருப்பாய்.

மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஃபியூஸைப் பிடுங்கியது நான், மோட்டாரை எரித்தது நான், லைன் சரியென்று சொன்னது பொய், குன்னூர் பட்டறை வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். எதுக்குய்யா இப்படிச் செஞ்சே என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் வாய் திறக்கவில்லை. யாரிடமாவது கைக்கூலி வாங்கினாயா என்றார், கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார். உன் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

வேலை போய்விட்டது. அது நியாயம்தான். உன் அப்பாவுக்கு எழுதி மோட்டாரையும் மறுபடி அனுப்பும்படி மேனேஜரைக் கேட்டுக்கொண்டேன். மேனேஜர் நல்ல மனிதர், அன்றைக்கே எழுதிவிட்டார். அந்தக் கடிதமும் மோட்டாரும் இதே லாரியில் வருகின்றன.

காரமடைக்குப் போகிறேன், அக்கா தங்கமணி ஊட்டுக்கு. அங்கே ஏதாவது மில்லில் சேர்ந்துகொள்வேன். கிட்டாரை உடன் எடுத்துப் போக மனசு வரவில்லை. அதில் என்னுடையது அட்டையும் தகரமும்தான், பேசுவதெல்லாம் உன்னுடையது. சாக்கில் சுற்றி ஒச்சப்பன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் பட்டறைப் பரணில் எங்காவது கிடக்கட்டும். நாலாவது கம்பியைக் கேட்க எனக்கு இனி வாய் இல்லை.

எங்கே போனாலும் மோட்டார் ஓடும் சத்தம் இருக்கும் புஷ்பா. அது ஒன்று போதும், உன்னை மறக்க முடியாமல் இருப்பதற்கு. நன்றாக இரு. விரலைப் பார்த்துக்கொள்.

லிங்கசாமி


குன்னூர்
5.11.1985

ஏனுங்க,

ஸ்டாம்பு ஒட்டி உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அக்கா ஊட்டு விலாசத்தை ஒச்சப்பன் அண்ணன் கொடுத்தார். கிளார்க் யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போவதில்லை என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

மேனேஜர் கடிதத்தை அப்பா நின்றுகொண்டே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு ஃபிட்டரு, நல்லா ஓடுற மோட்டார எதுக்கு எரிக்கோணும்" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

ஒச்சப்பன் அண்ணன் மோட்டாரோடு அந்தச் சாக்கு மூட்டையையும் பட்டறை நடுவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் வந்து எடுப்பதற்குள் அப்பா பிரித்துவிட்டார். கிட்டாரைத் தூக்கி மோந்து பார்த்தார். தேயிலை மணக்குது என்றார். தகரப் பட்டையைத் தட்டிப் பார்த்தார், ஹைலத் துண்டைத் தொட்டார். அப்புறம் கம்பிமேல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். நான் செம்பை முடிக்கும்போது கடைசியில் இடப்பக்கம் ஒரு மடக்கு மடக்குவேன். எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்த மடக்கு. மூன்று கம்பியிலும் அது இருந்தது.

"ஏனம்மணி, இது உன்ற கைதான?"

ஆமாங்கப்பா என்றேன். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மோட்டார்ப் பெட்டி, கம்பிகள், ஃபியூஸ், என் துணிப் பெட்டியில் இருக்கும் நாலாவது கம்பி வரைக்கும். கிட்டாரின் வயிற்றுக்குள் தெரிந்த உங்கள் கடிதத்தையும் எடுத்துப் படிக்கக் கொடுத்தேன். சொல்லி முடித்ததும் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பெட்போர்டு சர்க்கிள் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாராம். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் பனி.

உட்கார்ந்து சொன்னார்: "எரிச்சது தப்பு. பொய் சொன்னது அதவிடத் தப்பு. ஆனா வேல போனாலும் பரவால்லன்னு போய்ச் சொல்லியிருக்கான். உம் பேர வெளிய உடல. அத்தன நெஞ்சுரம் இருக்கறவன் இந்த ரெண்டு படி ஏறி வாரதுக்கு என்னத்துக்குப் பயந்தான்?" அதற்கு நான் என்ன சொல்வேன்? நீங்களே வந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் மனசை வேறிடத்தில் வைத்திருக்கும்போது அந்த நல்ல ஜனங்களை ஏமாற்றக் கூடாது என்று நாளைக்கு எழுதப்போகிறாராம். அதனால் உங்களுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவனேதான எரிச்சான், அவனே வந்து கட்டட்டும். என்ற பட்டறையில உக்காந்து, காயில் காயிலா அவங் கையாலயே சுத்தோணும். கட்டி முடிச்சு மோட்டார் ஓடுச்சுன்னா மேக்கொண்டு பேசலாம்." எஸ்டேட்டில் மாற்று மோட்டார் இருக்கிறதாம், அவசரம் இல்லை என்று மேனேஜரும் எழுதியிருக்கிறார்.

உங்களுக்குச் சுற்றத் தெரியாது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் பட்டறையில் நின்றீர்கள், கம்பியை எங்கே பார்த்தீர்கள்? கற்றுக்கொள்ளுங்கள். விரல் வெட்டும், முதலில் இரண்டு நாள் எரியும், அப்புறம் பழகிவிடும்.

கிட்டாரை மூன்று கம்பியோடு ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறோம். லாரி போகும்போது அதுவாகவே மெல்ல முனகுகிறது. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வேலையைப் பார்க்கிறார். நாலாவதை நீங்கள் வந்து மாட்டுங்கள். கார்த்திகை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, ஒத்திகைக்குப் போய்விடலாம்.

இன்னொன்று. சுற்றுகிறவருக்குப் பக்கத்தில் எண்ண ஒரு ஆள் வேண்டுமே, நீங்களாங்கப்பா என்று கேட்டேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு வெலிங்டன்ல வேலை இருக்குது, நீயே எண்ணு" என்றார்.

அதனால் தீபாவளி முடிந்த மறுநாள் வந்துவிடுங்கள். பட்டறை வழக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுற்றுகிறவர் வாய் திறக்கக் கூடாது, எண்ணுகிறவர் தவறவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் எண்ணி இதுவரை ஒருதடவைகூடத் தவறியதில்லை. இந்த மோட்டாருக்கு மட்டும் அடிக்கடி தவறும் போலிருக்கிறது.

புஷ்பா